திபுலுவின் பக்கத்து இடைவெளி

மூன்று ஆட்டங்களில் நான்கு முறை அந்த இடைவெளி திறந்தது. நான்கு முறையும் திபுலுவுக்குப் பக்கத்தில்தான். நான்கு முறையும் எதிரணிக்காரன் ஒருவன் அதன் வழியே நுழைந்து ஓடிப் புள்ளி எடுத்தான். ஏன் அங்கேயே திறக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ரக்பி லீக்கில் தடுப்பது எப்படி என்று சொன்னால்தான் இது எவ்வளவு விசித்திரம் என்பது விளங்கும். பதின்மூன்று பேரில் ஒருவனைத் தவிர மற்றவர்கள் மைதானத்தின் குறுக்கே ஒரே வரிசையாக நிற்கிறார்கள். எதிரணி பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கியதும் அந்த வரிசை மொத்தமாக முன்னே ஏறுகிறது. ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே இரண்டு கை நீளம் இருக்கலாம். மூன்று கை ஆகிவிட்டால் பந்தோடு வருபவன் உள்ளே வந்துவிடுவான். வரிசையில் நிற்பவனுக்குத் தன் எதிரே வரும் ஆள் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இடம் அகல்வது தெரியாது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவன் இருபது மீட்டர் பின்னால் தனியாக நிற்கிறான். ஃபுல்பேக் என்று பெயர். அவன் கண்ணுக்கு எல்லாம் தெரியும், கைக்கு எதுவும் எட்டாது. அதனால் கத்துவான். பெயரைச் சொல்லிக் கத்துவான்: நீ இடது போ, நீ உள்ளே வா, நீ ஏறு. வரிசையைத் தைக்கிற ஊசி அவன் வாய்.

யாலிபு என்ற மலையூரின் அணியில் அந்த இடத்தில் ஆடுபவன் யாசி. வயது பத்தொன்பது. அவனை எடைபோடத்தான் நான் வந்திருந்தேன்.

இங்கிலாந்தின் வடக்கே, பழைய பஞ்சாலை ஊர் ஒன்றில் இருக்கும் கிளப்புக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடித் தருவது என் வேலை. பதினெட்டு வயதில் நானே அந்த ஊருக்கு ஆடப் போனேன். பதினாறு வருடம் அங்கே இருந்து, முட்டி போனபின் திரும்பினேன். இப்போது எங்கள் மலைநாட்டு நகரமான மவுண்ட் ஹேகனில் ஓர் அறை, ஒரு ரைஸ் குக்கர், ஒரு மடிக்கணினி. வருடத்துக்கு ஒரே ஒருவனைத்தான் அனுப்ப முடியும். அதற்கு ஒரு படிவம் உண்டு. பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். வேகம், பிடி, உதை என்று போய், பதினோராவது கட்டத்தில் ஒரு கேள்வி: பேசுகிறானா?

அதில் நாலுக்குக் குறைந்தால் அனுப்பாதே என்பது கிளப் மேலாளர் ஹோல்டனின் கட்டளை. இங்கிருந்து போன கடைசி இரண்டு ஃபுல்பேக்குகளும் அங்கே வாயே திறக்காமல் ஒரு வருடத்தில் திரும்பிவிட்டார்கள். இந்த வருடம் யாசியைத் தவிர லே நகரத்துப் பையன் ஒருவனும் என் பட்டியலில் இருந்தான். கால் சுமார், வாய் நன்றாக இருக்கும். படிவம் திங்கள் மதியத்துக்குள் போயாக வேண்டும். கடைசி ஆட்டம் சனிக்கிழமை.

யாசியின் காலும் கையும் நான் இதுவரை பார்த்ததிலேயே சிறந்தவை. இந்த இடைவெளியை என்ன செய்வது?

முதலில் திபுலு மெதுவானவன் என்று நினைத்தேன். கைப்பேசியில் நேரம் பிடித்துப் பத்து மீட்டர் ஓடவிட்டேன். வரிசையில் அவனை விட வேகமானவன் ஒருவன்தான் இருந்தான். பிறகு, பக்கத்தில் நிற்பவன்தான் மடையனோ என்று நினைத்தேன். பயிற்சியாளர் மொரேயாவிடம் சொல்லி திபுலுவை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினோம். இடைவெளி மூட்டை கட்டிக்கொண்டு அவனோடேயே வலப்பக்கம் போனது. போன வருட நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதே யாசி, அதே திபுலு, அதே இடங்கள். ஒரு தடவைகூட இல்லை. இந்த வருட மூன்றாவது ஆட்டத்தில் யாசி தலையில் அடிபட்டு அரைமணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தான். பந்தைப் பிடிக்கவே தெரியாத மாற்று ஆள் ஒருவன் பின்னால் நின்றான். அந்த அரைமணியில் இடைவெளி திறக்கவில்லை.

ஆக, விஷயம் இந்த இருவருக்கும் நடுவில்.

மொரேயா கடற்கரைக்காரர். இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவரிடம் கேட்டேன்.

"சார், இவனுங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

"சண்டைன்னா கோடாலி வந்திருக்குமேய்யா. எனக்கென்ன தெரியும்? இருபது வருஷமா இந்த மலைக்காரப் பசங்களுக்கு வாய்ப்பாடு சொல்லித் தர்றேன், மனசுல என்ன இருக்குன்னு ஒருத்தனும் சொன்னதில்லை. நீதான் மலைக்காரன். நீ எனக்குச் சொல்லு."

சண்டை இல்லை என்பதை மதியச் சாப்பாட்டில் பார்த்துக்கொண்டேன். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைக் குவித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். யாசி குவியலில் துழாவி, கருகாத பெரிய கிழங்காக ஒன்றை எடுத்து, திபுலுவின் முன் இருந்த இலையில் வைத்தான். வைக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். திபுலுவும் அவனைப் பார்க்காமலேயே எடுத்துத் தின்றான். பகைவனுக்கு யாரும் நல்ல கிழங்கைப் பொறுக்கித் தரமாட்டார்கள். நண்பனுக்குத் தரும்போது முகத்தைத் திருப்பவும் மாட்டார்கள்.

புதன்கிழமைப் பயிற்சியில் கோல் கம்பங்களுக்குப் பின்னால் போய் நின்றேன். கிலுவே மலையிலிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. நோட்டில் பன்னிரண்டு பெயர்களையும் வரிசையாக எழுதி, யாசி ஒவ்வொரு பெயரைக் கத்தும்போதும் ஒரு கோடு போட்டேன். நாற்பது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு கோடு. ஒருவனுக்குப் பத்தொன்பது, ஒருவனுக்குப் பதினான்கு, ஆகக் குறைந்தவனுக்கு நான்கு. திபுலுவின் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. இரண்டு முறை இடைவெளி அகல்வதை யாசி என்னைவிட முன்பாகவே பார்த்தான். கை உயர்ந்தது. வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

வேலி ஓரத்தில் யாசியின் அக்கா நோலா மாவுருண்டை பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கரும்புக் கட்டு. நான் வழக்கமாக வாங்கும் கடை. ஒரு உருண்டையை வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"நோலா, உன் தம்பிக்கு அந்தத் திபுலு மேல என்ன கோபம்?"

"கோபமா?" கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, அது என் புருஷன்!"

"யாரு? திபுலுவா?"

"போன மாசம்தான் பன்னி அடிச்சு, ஊரைக் கூட்டி, என்னை அவங்க வீட்டுக்கு அனுப்பினாங்க. மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாரும் வந்தாங்க. நீ ஹேகன்ல ரைஸ் குக்கரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்திருப்ப."

"சரி. அதனால என்ன?"

சிரிப்பு நின்றது. நெருப்பு ஏன் சுடுகிறது என்று கேட்பவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"மச்சான் பேரை எப்படிண்ணே வாயால சொல்லுவான்? நீ என்ன, வெள்ளைக்காரனாவே ஆயிட்டியா?"

எனக்குத் தெரியும். இங்கே பிறந்தவன் எவனுக்கும் தெரியும். அக்காவின் கணவன் ஆனபின் அவன் பெயர் உன் வாயில் வரக்கூடாது. வந்தால் அக்காவுக்கு அவமானம். அதே பெயர் இன்னொருவனுக்கு இருந்தால் அவனையும் வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிட வேண்டும். போன வருடம் யாசி ஆயிரம் தடவை கத்திய பெயர்தான். ஒரே நாளில் வாயிலிருந்து போய்விட்டது.

தெரிந்தும் எனக்கு ஏன் தோன்றவில்லை? எனக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. இந்த விதி என்மேல் விழும் வயதில் நான் பஞ்சாலை ஊரில் மழையில் ஓடிக்கொண்டிருந்தேன். நான் சொல்லக்கூடாத பெயர் என்று இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லோர் பெயரையும் சொல்லலாம். அந்த வேலி ஓரத்தில் மாவுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு இதை முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன்.

"மச்சான்னு கத்தலாமே?" என்றேன்.

"முதல் மேட்ச்ல கத்தினான். மூணு பேர் திரும்பினானுங்க. அதுல ஒருத்தன் எதிர் டீம்."

"நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டா?"

"எந்த ஜெர்சி யாருக்கு வருதுன்னு யாருக்குத் தெரியும்? போன வாரம் ரெண்டு பேர் ஒன்பதாம் நம்பர் போட்டுக்கிட்டு ஆடினானுங்க. வாத்தியாருக்கே தெரியலை."

வேன் நிற்கும் இடம்வரை யாசி என்னோடு நடந்து வந்தான். நான் எதைக் கண்டுபிடித்தேன் என்பதை நோலா அதற்குள் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, அந்தப் பேசுற கட்டத்துல எனக்கு எவ்வளவு?"

"இன்னிக்கு வரைக்கும் மூணு."

"மூணுன்னா லே பையன் போறான்."

"ஆமா."

சாலையோரம் பாக்கு விற்கும் பெண்களைத் தாண்டினோம். பிறகு அவன், ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்ததைப் போலச் சொன்னான்:

"அங்க எனக்கு மச்சான்னு யாரும் இருக்க மாட்டாங்கல்ல? எல்லார் பேரையும் கத்தலாம். அப்ப அங்க எனக்கு இந்தக் குறையே கிடையாது. அஞ்சு போடலாமே?"

அவன் சொன்னது சரி. கிளப்புக்கு நான் அப்படி எழுதினால் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"எல்லார் பேரையும் சொல்லலாம்," என்றேன். "ஒருத்தர் பாக்கியில்லாம. அதுதான்டா அந்த ஊரு."

"கஷ்டமா இருக்குமா?"

எனக்கு எதையும் பிரித்துக் காட்டித்தான் பழக்கம். அவனுக்கும் அப்படியே சொன்னேன். அங்கே புல் பாய் மாதிரி இருக்கும், விழுந்தால் தோல் உரியாது. முட்டி போனால் மூன்று மணி நேரம் அறுத்துத் தைத்துச் சரி செய்வார்கள், இங்கே மொரேயா சார் இலை வைத்துக் கட்டுவார். ஆட்டத்தை நுணுக்கமாகச் சொல்லித் தருவார்கள். எனக்குத் தெரிந்த எல்லாம் அங்கே கற்றதுதான். ஆட்கள் நல்லவர்கள். கேவாலி என்ற என் பெயர் மைதானத்தில் கத்த நீளம் என்று கெவ் என்று சுருக்கினார்கள். பிறகு சம்பளச் சீட்டில் யாரோ அதைக் கெவின் என்று நீட்டிவிட்டார்கள். திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினாறு வருடம் கெவினாக இருந்தேன்.

"வீட்டுல மேஜைக்கு ரெண்டு நாற்காலி இருந்துச்சு," என்றேன். "கால்ல ரப்பர் மூடி போட்டிருக்கும், தரை கீறாம இருக்க. காலி பண்ற அன்னிக்குப் பார்த்தேன். என் நாற்காலி மூடி நாலும் தேஞ்சு ஓட்டையா இருந்துச்சு. இன்னொண்ணு கடையில வாங்கின மாதிரியே இருந்துச்சு."

யாசி சிரிக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப போக வேணாங்கிறியாண்ணே?"

"அப்படிச் சொல்லலை. நீ போனா நல்லா ஆடுவ. ரெண்டும் சொன்னேன், நீ எடை போட்டுக்க."

வேன் வந்தது. நான் ஏறும்போது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நான் போகத்தான் ஆசைப்படறேன். ஆனா சனிக்கிழமை அந்தப் பக்கமா பந்து உள்ள வந்து தோத்தோம்னா, ஊரு அக்கா வீட்டுக்காரரைத்தான் திட்டும். நான் பிளேன் ஏறிருவேன். அவரு இங்கதானே இருக்கணும்."

வெள்ளிக்கிழமை மதியம் ஹோல்டன் கூப்பிட்டார்.

"என்ன கெவ், உன் யாலிபுப் பையனுக்கு வாய் இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஒரு ஆள்கிட்ட மட்டும் இல்லை."

"ஒரு ஆள்கிட்ட இல்லைன்னா இல்லைதான். நாளைக்குப் பார்த்துட்டு நம்பரைப் போடு."

சனிக்கிழமை ஹேகனிலிருந்து எதிரணி மூன்று லாரியில் வந்து இறங்கியது. வேலிமேலும் மரத்தின்மேலும் ஆட்கள் ஏறிவிட்டார்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது நோலா தன் கடைக்குப் பக்கத்தில் கணவனையும் தம்பியையும் உட்கார வைத்திருந்தாள். ஒருவன் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான், ஒருவன் மேற்கே.

"அண்ணே, வந்து பாரு இதுங்களை," என்றாள். "சாப்பாட்டுப் பேரு வச்சுக்கிட்டா தீர்ந்துச்சு. ஒரு மாசமா வைக்கலை. ஏன்னு கேளு."

இது எனக்குத் தெரியும், ஆனால் சின்ன வயதில் பார்த்ததோடு சரி. இரண்டு பேர் ஒரே உணவை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி தின்றால், அன்றிலிருந்து அந்த உணவின் பெயரே இருவருக்கும் பெயர். இவன் அவனை அப்படிக் கூப்பிடுவான், அவனும் இவனை அப்படியே. சொந்தப் பெயர் தேவையே இல்லை.

"ஏன் வைக்கலை?" என்றேன்.

யாசி தரையைப் பார்த்தான். "அவருதான் முதல்ல நீட்டணும். பொண்ணு எடுத்தவரு."

"எங்க பக்கத்துல பொண்ணு குடுத்தவன்தான் நீட்டுவான்," என்றான் திபுலு, மரத்தைப் பார்த்தபடி.

"கேட்டியாண்ணே? மலைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல நான் ஒரு மாசமா ரெண்டுக்கும் தனித்தனியா சோறு போடறேன்." நோலா கையைத் துடைத்துக்கொண்டாள். "என்ன சாப்பாடு? சீக்கிரம் சொல்லுங்க."

"டின் மீன்," என்றான் திபுலு. "எனக்கு டின் மீன் பிடிக்கும்."

"டின் மீனுன்னு இவன் கத்தி முடிக்கறதுக்குள்ள ஹேகன்காரன் பந்தை வச்சுப் புள்ளி எடுத்துட்டு வீட்டுக்கே போயிருவான்!"

இந்த இடத்தில் நான் குறுக்கே பேச வேண்டியிருந்தது. ஒரு கை விட்டு இன்னொரு கைக்குப் பந்து போக ஒரு நொடிதான் ஆகும். கூப்பிடும் பெயர் அதற்குள் முடிய வேண்டும். கூட்டத்தின் இரைச்சலில் வேறு எந்தப் பெயரோடும் குழம்பக்கூடாது. வரிசையில் எவனுக்கும் ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கக்கூடாது. இதையெல்லாம் விரல்விட்டுச் சொன்னேன். மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"அண்ணன் சாப்பாட்டுக்கும் படிவம் வச்சிருக்காரு," என்றாள் நோலா. கரும்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, முழங்காலில் வைத்து முக்கால்வாசி முறித்தாள். இரண்டு துண்டும் நாரில் தொங்கின. "நீட்டவும் வேணாம், வாங்கவும் வேணாம். ஆளுக்கு ஒரு முனையைப் பிடிங்க. இழுங்க."

இழுத்தார்கள். கரும்பு இரண்டானது. இருவரும் பல்லால் தோலை உரித்து, மென்று, சக்கையைத் துப்பினார்கள். கடைசிச் சக்கையைத் துப்பிவிட்டு யாசி முதல் தடவையாகத் திபுலுவின் முகத்தைப் பார்த்தான்.

"கரும்பு," என்றான் மெதுவாக.

"என்னடா கரும்பு?" என்றான் திபுலு.

நோலா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கும் ஒரு முழுக் கரும்பு தந்தாள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கம்பங்களுக்குப் பின்னால் போனேன்.

பதினேழாவது நிமிடத்தில் இடைவெளி அகலத் தொடங்கியது. ஹேகனின் பெரிய ஆள் ஒருவன் அதைக் குறிவைத்து ஓடிவந்தான். "கரும்பு! உள்ள!" என்று யாசி கத்தினான். திபுலு திரும்பிப் பார்க்கவில்லை, அரை அடி உள்ளே நகர்ந்தான். வந்தவன் அவன் தோளில் மோதி மல்லாந்து விழுந்தான். கூட்டம் ஒரு கணம் விழித்துவிட்டு வெடித்துச் சிரித்தது. அடுத்த பத்து நிமிடம் ஹேகன் ஆட்கள் மரத்தின்மேல் இருந்து "கிழங்கு! முட்டைக்கோஸ்! உப்பு!" என்று கத்திப் பார்த்தார்கள். திபுலு எதற்கும் நகரவில்லை, கரும்புக்கு மட்டும் நகர்ந்தான்.

என் நோட்டில் கரும்புக்கு எதிரே ஒன்பது கோடு. இடைவெளி வழியாக உள்ளே வந்தவர்கள் யாருமில்லை. கடைசி நிமிடத்தில் நடுவர் தந்த தண்டனை உதையை ஹேகன்காரன் கம்பங்களுக்கு நடுவே அனுப்பியதால் இரண்டு புள்ளியில் தோற்றோம். ஊர் நடுவரைத் திட்டியது. திபுலுவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேனில் திரும்பும்போது பையிலிருந்த கரும்பை எடுத்தேன். பக்கத்தில் ஒருவர் கோழிக்கூண்டை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முறிக்கத் தேவையில்லை. ஒரு முனையிலிருந்து தொடங்கி மறுமுனைவரை நானே தின்றேன். ஹேகன் வரும்வரை போதுமானதாக இருந்தது.

திங்கள் காலை படிவத்தை நிரப்பினேன். பதினோராவது கட்டத்தில் ஐந்து. அடியில் குறிப்பு எழுத மூன்று வரி இடம் உண்டு. பத்து வருடமாக நான் அதைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். இந்த முறை எழுதினேன்:

"இவன் பேசுவான். அதற்கு நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். அவன் வந்த முதல் வாரத்தில், முதல் ஆட்டத்துக்கு முன்பாக, அவனோடு ஆடும் ஒருவனை அவன் எதிரே உட்கார வையுங்கள். ஒரே உணவை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி தின்னச் சொல்லுங்கள். பெயர் சிறியதாக இருக்கட்டும். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் அந்தப் பெயரால் கூப்பிட வேண்டும்."